கையெழுத்துப் போடும் முன்னே



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் சின்னஞ்சிறு புத்தகம் அது. அரிசி, மாவு, டின் மீன், சீனி என்று நாம் வாங்க வாங்கக் கடைக்காரர் அதில் எழுதிக்கொண்டே போவார். சம்பளத்தன்று கணக்குப் பார்ப்போம். மிச்சம் நின்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார். அதுவும் கடன்தான். ஆனால் அந்தக் கடனுக்கு ஓர் எல்லை இருந்தது. நம் வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். புத்தகம் நிறைந்துகொண்டே போனால், "இந்த மாதம் இதோடு போதும்" என்று அவரே நிறுத்திவிடுவார்.

இன்று நாம் வாங்கும் கடனுக்கு 555 புத்தகம் இல்லை. மோட்டார் சைக்கிள் கடையில் ஒரு கையெழுத்து, சாமான் கடையில் ஒரு கையெழுத்து, வங்கியில் ஒரு கையெழுத்து. போதாததற்குக் கைப்பேசியிலேயே கடன். ஒரு கடைக்காரர் எழுதியது மற்றவர் கண்ணில் படுவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நாம்தான். நாம் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? கடைசியில் நீதிமன்றம் பார்க்கும். ஆகவே இன்று, கடன் எப்படி வளர்கிறது, திவால் என்றால் என்ன, அதிலிருந்து எப்படித் தப்புவது என்ற மூன்றையும் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார்; மனைவி உரம் போடுகிறார். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. இருவருக்குமாக 3,400 வெள்ளி. ஊழியர் சேமநிதி, சொக்சோ பிடித்தம் போக ஏறக்குறைய 3,000 வெள்ளி கைக்கு வருகிறது. மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 175 வெள்ளி. குளிர்பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் 160 வெள்ளி. மூத்த மகள் கலியாணத்துக்கு வாங்கிய கடனுக்கு 350 வெள்ளி. ஆக 685 வெள்ளி. கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கிறார்கள்.

இப்போது மைத்துனர் வருகிறார். "மாமா, எனக்குச் சம்பளச் சீட்டு இல்லை. உங்கள் பெயரில் ஒரு கார் எடுத்துக் கொடுங்கள். மாதாமாதம் நான் கட்டிவிடுகிறேன்" என்கிறார். சொந்தக்காரர். மறுத்தால் முகம் வாடும். மனைவியும், "என் தம்பிதானே" என்கிறார். கையெழுத்துப் போடுகிறார். மாதம் 550 வெள்ளி, ஒன்பது வருடம். ஓராண்டு ஒழுங்காகக் கட்டிய மைத்துனருக்கு வேலை போகிறது. தவணை நிற்கிறது. காகிதம் யார் பெயரில் இருக்கிறது? மாமா பெயரில். இப்போது மாதத் தவணை 685 அல்ல, 1,235 வெள்ளி. மீதி 1,765 வெள்ளியில் சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து, மருந்து, கோயில் வரி, எல்லாம். இரண்டு மாதம் தாக்குப்பிடிப்பார்கள். மூன்றாவது மாதம், மரத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங் விளம்பரத்தின் மேல் கண் போகும்.

நேயர்களே, இங்கே யாரும் சூதாடவில்லை, குடிக்கவில்லை. உழைக்கும் குடும்பம், உதவி செய்த குடும்பம். கடனில் விழுகிறவர்கள் எல்லாரும் ஊதாரிகள் என்று எண்ணிவிடக்கூடாது. கணக்குப் பார்க்காத நல்ல மனமும் குடும்பத்தைக் கவிழ்க்கும்.

சரி, வட்டிக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு 6,000 வெள்ளி கடன். வருடத்துக்கு 10 விழுக்காடு வட்டி, நான்கு வருடம். வட்டி மட்டும் 2,400. மொத்தம் 8,400 வெள்ளியை 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 175. பத்து விழுக்காடு என்பது கேட்க இலேசாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான்காவது வருடத்தில் நீங்கள் பெரும்பகுதிக் கடனைக் கட்டி முடித்திருப்பீர்கள். ஆனாலும் முதல் நாள் வாங்கிய 6,000 வெள்ளிக்கே வட்டி போடப்பட்டிருக்கிறது. மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய பதினேழரை விழுக்காட்டுக்குச் சமம். நம் வீடுகளில் இருக்கும் பழைய தவணை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இப்படிப் போடப்பட்டவைதான்.

அடுத்து, பட்டணத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் வைத்திருக்கும் கடன்பற்று அட்டை. வருடத்துக்கு 24,000 வெள்ளி வருமானம் இருந்தால்தான் இந்த அட்டை கிடைக்கும். அட்டையில் 5,000 வெள்ளி கடன் நிற்கிறது. வட்டி 18 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். "குறைந்தது ஐந்து விழுக்காடு கட்டினால் போதும்" என்று பில்லில் இருக்கும். மகனும் ஒழுங்காக அதை மட்டும் கட்டுகிறான். புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஒரு வருடத்தில் அவன் கட்டியது ஏறக்குறைய 2,485 வெள்ளி. கடன் எவ்வளவு குறைந்தது? 1,740 வெள்ளிதான். மீதி 745 வெள்ளி வட்டிக்குப் போய்விட்டது. இன்னும் 3,260 வெள்ளி நிற்கிறது. "போதும்" என்று பில் சொல்வது வங்கிக்குப் போதும் என்ற பொருளில்தான், நமக்குப் போதாது.

மூன்றாவது, ஆலோங். ஆயிரம் வெள்ளிக்கு வாரம் பத்து விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், வாரம் 100 வெள்ளி. 52 வாரத்தில் 5,200 வெள்ளி வட்டி மட்டும் கட்டியிருப்பீர்கள். முதல் ஆயிரம் அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் எவ்வளவு வாங்கலாம்? 1951ஆம் ஆண்டு வட்டிக் கடைச் சட்டத்தின்படி, அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காடு, அடமானம் உள்ள கடனுக்கு 12 விழுக்காடு. அதாவது அதே ஆயிரம் வெள்ளிக்கு ஒரு வருடத்துக்கு 180 வெள்ளி. ஒன்று 180, மற்றொன்று 5,200. உரிமம் உள்ளவர் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, ஒரு பிரதியை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். காகிதம் கொடுக்காமல், உங்கள் அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கேட்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவர் கேட்பது உங்கள் சம்பளத்தின் சாவியை.

தோட்டத்தில் பலகாலமாகப் பிடித்து வரும் கூட்டுப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்பிக்கையின் மேல் நடப்பது அது. ஆனால் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பிடித்தவர் பணத்தோடு போய்விட்டால், நம்பிக் கட்டியவர் கடனாளியாகி நிற்பார்.

இனி, திவால் என்றால் என்ன என்று பார்ப்போம். மலாய் மொழியில் முஃப்லிஸ் என்பார்கள். கடனைக் கட்ட முடியாத ஒருவரை, கடன் கொடுத்தவர் கேட்டுக்கொண்டதன் பேரில், உயர்நீதிமன்றம் திவாலானவர் என்று ஆணையிடுகிறது. அதன் பிறகு அவருடைய சொத்து திவால் துறைத் தலைமை இயக்குநரின் பொறுப்பில் போய்விடும். இதற்கான 1967ஆம் ஆண்டுச் சட்டம் 2017 அக்டோபர் 6ஆம் நாள் பெரிதாகத் திருத்தப்பட்டது. எவ்வளவு கடன் இருந்தால் ஒருவரைத் திவாலாக்கலாம் என்ற எல்லையும் உயர்ந்து வந்திருக்கிறது. 2003இலிருந்து அது 30,000 வெள்ளி. 2017இல் 50,000 ஆயிற்று. 2021 செப்டம்பர் முதல் 100,000 வெள்ளி.

"ஒரு லட்சம் வெள்ளியா? நமக்கு ஏது அவ்வளவு கடன்?" என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தை விட்டு வெளியேறி வீடு வாங்கியவர்கள் நம்மில் பலர். வீட்டுக் கடன் ஒன்றே அந்த எல்லையைத் தாண்டும். குத்தகை வேலைக்கு லாரி எடுத்தவரும் தாண்டுவார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தங்களுக்கு வர வேண்டிய கடனைக் கூட்டியும் மனுச் செய்யலாம். எல்லையைத் தொடாத கடனும் சும்மா போய்விடாது. நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி, வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்து ஏலம் விடலாம். தீர்ப்புக்குப் பிறகும் வருடத்துக்கு ஐந்து விழுக்காடு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இது ஒரே இரவில் வருவதில்லை, படிப்படியாக வருகிறது. முதலில் வங்கியிலிருந்து நினைவூட்டல் கடிதம். அடுத்து வழக்கறிஞர் கடிதம். பிறகு நீதிமன்றச் சம்மன். நாம் போகாவிட்டால், நம் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு. பெரிய கடனாக இருந்தால் அதன் பிறகு வருவது 'நோட்டிஸ் கெபங்கராப்பன்', அதாவது திவால் நோட்டீஸ். அது கைக்கு வந்தால், அதில் குறித்திருக்கும் நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், அல்லது கடன் கொடுத்தவரோடு ஒரு முடிவுக்கு வர வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் மறுக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால், அதுவே மனுச் செய்யக் காரணமாகிவிடும்.

நம் மக்கள் இங்கேதான் பெருந்தவறு செய்கிறார்கள். கடிதம் வருகிறது. மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. படிக்கப் பயம். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். மனைவிக்குத் தெரியாமல் கணவர் மறைப்பதும், கணவருக்குத் தெரியாமல் மனைவி மறைப்பதும் உண்டு. நேயர்களே, கடிதத்தை மறைத்தால் கடன் மறையாது. போகவேண்டிய தேதி மட்டும்தான் போய்விடும். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுங்கள். தோட்டத்துக் கிராணியிடம் கொடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். சம்மனுக்குப் போய், "ஐயா, எனக்கு இவ்வளவுதான் வருமானம், மாதம் இவ்வளவு கட்ட முடியும்" என்று சொன்னால், தவணை முறையில் கட்ட நீதிமன்றம் வழி செய்யலாம். போகாதவருக்கு அந்த வழியும் இல்லை.

திவாலானால் வாழ்க்கையே முடிந்துவிட்டதா? இல்லை. சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்யலாம். உங்கள் ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் பறிக்க முடியாது. ஆகவே பயந்துபோய் அந்தப் பணத்தை எடுத்துக் கண்டவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். கணவர் திவாலானால், மனைவி எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதவரை அவர் பொறுப்பாளி அல்லர். பிள்ளைகளின் படிப்புக்கும் தடை இல்லை.

ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தபந்தத்தைப் பார்க்கவோ, கோயில் குளம் போகவோ கூட முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அனுமதியின்றிச் சொந்தமாக வியாபாரம் நடத்தவோ, நிறுவன இயக்குநராக இருக்கவோ கூடாது. ஆயிரம் வெள்ளியோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், நான் திவாலானவன் என்று சொல்லியே வாங்க வேண்டும். சொத்து விவரத்தைத் திவால் துறையில் எழுதிக் கொடுக்க வேண்டும். வருமானத்துக்கு ஏற்ப மாதாமாதம் ஒரு தொகை கட்டவும் வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பழைய காலத்தில் திவாலானவர் பலர் சாகும்வரை அப்படியே இருந்தார்கள். 2017க்குப் பிறகு, சொத்து விவரம் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டில், சொன்ன தொகையைக் கட்டி, கணக்கையும் ஒழுங்காகக் கொடுத்தவருக்குத் தானாகவே விடுதலை கிடைக்க வழி இருக்கிறது. திவால் துறை அலுவலகத்துக்குப் போகாமல் ஒளிந்திருப்பவருக்கு அந்த மூன்று ஆண்டு தொடங்குவதே இல்லை. முன்பு 30,000 வெள்ளி எல்லையில் திவாலான நம் பெரியவர்கள் சிலர், தங்கள் நிலை என்னவென்று இன்றுவரை கேட்காமலே இருக்கிறார்கள். அவர்களைத் திவால் துறைக்கு அழைத்துப்போய்ப் பதிவைப் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் கடமை.

அடுத்தது ஜாமீன். நம் சமூகத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டே நொந்துபோனவர்கள் ஏராளம். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கும் ஒரு பாதுகாப்பைக் கொண்டு வந்தது. லாபம் எதுவும் கருதாமல், கல்விக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கும் வாகனக் கடனுக்கோ ஜாமீன் போட்டவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் இதில் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, திவாலாக்க முடியாது என்றால் பணம் கேட்க முடியாது என்று பொருளல்ல. வழக்குப் போட்டு வசூலிக்கலாம். இரண்டாவது, வியாபாரத்துக்கு எடுத்த லாரிக்கு ஜாமீன் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. நாம் முதலில் பார்த்த அந்த மாமா ஜாமீன் போட்டவரா? இல்லை. தன் பெயரையே கொடுத்தவர். சட்டத்தின் கண்ணில் அவரே கடனாளி. கார் யார் ஓட்டுகிறார் என்று சட்டம் பார்ப்பதில்லை. ஜாமீன்காரருக்குள்ள பாதுகாப்பில் ஒரு துளியும் அவருக்குக் கிடையாது. ஆகவே, தாய்மார்களே, உங்கள் வீட்டில் யாராவது பெயர் கொடுக்கக் கேட்டால், ஒரு பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: "முடிந்த உதவியைக் கையில் கொடுக்கிறோம், பெயரைக் கொடுக்க மாட்டோம்." நூறு வெள்ளி கொடுத்தால் நூறோடு போகும். பெயரைக் கொடுத்தால் ஒன்பது வருடம் போகும்.

"தவணை கட்டாவிட்டால் காரை இழுத்துக்கொண்டு போவார்கள், அதோடு விட்டது" என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அதோடு விடாது. காரை ஏலத்தில் விற்று வந்த பணம் போதாவிட்டால், குறைந்த தொகையை நாம் கட்ட வேண்டும். தவணைக் கொள்முதல் சட்டத்தில் நமக்கு உரிமைகளும் உண்டு. தொடர்ந்து இரண்டு தவணை கட்டாமல் போனால்தான், அதுவும் 21 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்த பிறகுதான், வாகனத்தை எடுக்க முடியும். முக்கால் பங்கு கட்டி முடித்திருந்தால், நீதிமன்ற ஆணை இல்லாமல் எடுக்க முடியாது. அந்த 21 நாள் நமக்காகக் கொடுக்கப்பட்டது. காரைத் தோட்டத்துக்குள் ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு, நேரில் போய்ப் பேசுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது? 2006ஆம் ஆண்டு பேங்க் நெகாரா தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆலோசனைக்குக் காசு கிடையாது. உங்கள் வங்கிக் கடன்களையெல்லாம் ஒன்றாகப் பார்த்து, கட்டக்கூடிய அளவில் தவணையை மாற்றித் தர வங்கிகளோடு அவர்கள் பேசுவார்கள். "கடனை அழித்துத் தருகிறேன், முதலில் ஐந்நூறு கொடு" என்று கேட்பவர் ஏ.கே.பி.கே. ஆள் அல்லர், ஏமாற்றுக்காரர். சட்ட உதவித் துறையும், பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் வழி சொல்லும். ஆலோங் மிரட்டினாலோ, வீட்டில் சாயம் ஊற்றினாலோ, போலீசில் புகார் செய்யுங்கள். புகார் செய்வதில் வெட்கமில்லை.

கடைசியாக, வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம். கடையில் போய் ஒரு 555 புத்தகம் வாங்குங்கள். இந்த முறை கடைக்காரருக்காக அல்ல, உங்களுக்காக. கணவனும் மனைவியும், வேலைக்குப் போகும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து, வீட்டிலுள்ள எல்லாத் தவணையையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்த மாதத்தோடு முடிகிறது என்று எழுதுங்கள். யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கீழே கூட்டுங்கள். கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், ஒன்றாவது முடியும்வரை புதுக் கையெழுத்து எதுவும் வேண்டாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. சம்பளம் அன்று இன்றைவிடக் குறைவு. ஆனாலும் சேர்த்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்த நாம், எங்கே போடக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்வோம்.